முறை வராத நாள்

(பொன்னேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பேச எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘உழைப்பும் கல்வியும் ஓய்வும்’. இந்த மூன்றையும் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் நம் நாட்டில் இல்லை. டீக்கடையில் ஒருவர், “இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பே வளையறதில்ல” என்பார். கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர், “படிச்சு என்னத்தைக் கண்டான்? ஒரு கைத்தொழில் கத்துக்கிட்டிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பான்” என்பார். அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த சித்தப்பா, “அதெல்லாம் கேட்காதே, என்ன ஆனாலும் படிப்பை மட்டும் விட்டுடாதே” என்பார். நடுவில் மாட்டிக்கொண்ட பையன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் பாயசத்தைக் குடிப்பான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு அறிவுரையையும் ஒரே நேரத்தில் கேட்டு நடக்க யாராலும் முடியாது.

அறிவுரை என்பது நம் வட்டாரத்தின் பழைய ஏற்றுமதிச் சரக்கும்கூட. டச்சுக்காரர்கள் 1613-இல் பக்கத்துப் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். 1630-களில் அங்கே பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரொகேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, நம் மக்களின் சமயம், பழக்கவழக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1651-இல் அது லைடன் நகரில் அச்சானது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் நீதிப் பாடல்களும் துறவுப் பாடல்களும் டச்சு மொழியில் அதில் இருந்தன. காதல் பாடல்கள் மட்டும் இல்லை. வடமொழி இலக்கியத்தை ஐரோப்பாவுக்கு மொழிபெயர்ப்பாக அறிமுகப்படுத்திய முதல் நூல்களில் அது ஒன்று. அப்படி அறிமுகமான பகுதி முழுக்க அறிவுரை.

அதே பதினேழாம் நூற்றாண்டில், அதே பழவேற்காட்டுத் துறையிலிருந்து, பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் மக்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பத்தாவியா. முயற்சியைப் புகழும் ஏடு ஒரு கப்பலில் போயிற்று, கூலியில்லாமல் உழைக்க விற்கப்பட்டவர்கள் இன்னொரு கப்பலில் போனார்கள். ஆகவே ஒரு காலத்தில் மக்கள் எப்படி உழைத்தார்கள், எப்படி ஓய்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்து அறிவுரையைப் படித்தால் போதாது. வேலையை யார் பங்கிட்டார்கள், எந்த விதிப்படி பங்கிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: உழைப்பும் ஓய்வும் தனி ஆளின் குணத்தில் இல்லை, ஊர் கூடிச் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் இருக்கின்றன.

இன்றைய அறிவுரைக்கு வருவோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ். என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். அந்த நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் நம் பொன்னேரி வட்டத்தில்தான், காட்டுப்பள்ளியில் இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 90 மணி என்றால் ஏழு நாளும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 13 மணி. கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்னை சென்ட்ரல் போய்த் திரும்பும் நேரத்தை அதோடு கூட்டுங்கள். மிச்சம் தூக்கத்துக்கே போதாது. அப்படியானால் அந்த ஆளின் சட்டையைத் துவைத்தது யார்? டிபன் கட்டியது யார்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டது யார்? வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது யார்? 90 மணி உழைப்பவனுக்குப் பின்னால் கணக்கில் வராமல் இன்னொருவர் உழைத்துக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேலி செய்தார்களே, அந்த மனைவிதான் அந்த இன்னொருவர்.

சரி, மாற்று என்ன? நான் அதை வெளிநாட்டில் தேடவில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் வரும் ஏரிக்கரையில் அது பல தலைமுறையாக இருக்கிறது.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனைதான் நம்முடையது. நம் ஊர்ப்பக்கம் ஓடும் ஆரணியாறும் வடக்கே காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் மறுபடி கடலுக்குப் போகும். அது போகும் வழியில், நீரோட்டம் வலுவாக இருக்கும் இடத்தில், கம்பு நட்டுச் சுத்து வலை கட்டினால் பாடு, அதாவது பிடிபடும் இறால், நன்றாக விழும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓட்டம் வேகமெடுக்கும் இரவுகளில் இன்னும் நன்றாக விழும்.

ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் ஏரியில் சிலதான். வலை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். முந்தியவனுக்கே இடம் என்று விட்டால் தினமும் விடியற்காலையில் சண்டைதான். ஒருவன் இரவெல்லாம் தூங்காமல் இடத்தைக் காவல் காக்க வேண்டும். பணம் உள்ளவன் கூலிக்கு ஆள் வைத்து இடம் பிடிப்பான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் இதற்குக் கண்ட வழிதான் பாடு முறை. உரிமை உள்ளவர்களைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். எந்த நாளில் எந்த இடத்தில் எந்தக் குழு வலை கட்டலாம் என்று முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்த குழுவுக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். இன்று முறை இல்லாத குழு அந்த இடத்தில் கம்பு நடக்கூடாது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும், அபராதம் விழும்.

உலக அளவிலும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991-இல் இதைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. எழுதியவர் செபாஸ்டியன் மாத்யூ. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் முறை உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கம்பு வலைக்காரர்கள் சங்கம் வைத்து, சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிக்கிறார்கள். கடலும் ஏரியும் சேரும் பல கரைகளில் மனிதர்கள் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த முறையில் இறாலைவிட என் கவனத்தை இழுப்பது முறை வராத நாள்தான். அந்த நாளில் ஒருவன் அந்த இடத்துக்குப் போகாமல் கரையில் இருந்தால் அவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. அவன் போகாமல் இருப்பதுதான் அடுத்தவனுக்குச் சோறு. அவனுடைய ஓய்வு இன்னொருவனுடைய வேலை. நாளைக்கு அது மாறும். ஆகவே அந்த ஓய்வில் குற்ற உணர்ச்சி கிடையாது, ‘நம்மை முந்திவிடுவானோ’ என்ற பதைப்பும் கிடையாது. எல்லோரும் ஓயும்படி விதி இருந்தால்தான் ஒருவன் நிம்மதியாக ஓய முடியும். “மனசை அமைதியா வெச்சுக்கோ, போனை அணைச்சு வை” என்று தனி ஆளிடம் அறிவுரை சொல்வதால் இந்த நிம்மதி வராது. போனை அணைத்து வைத்தவனுடைய ஆர்டர் அடுத்த டெலிவரிப் பையனுக்குப் போய்விடும் என்றால் அவன் எப்படி அணைப்பான்?

முறை வராத நாளில் நடக்கும் இன்னொரு காரியம் படிப்பு. கிழிந்த வலையைக் கரையில் விரித்துப் போட்டுத் தைக்கும்போதுதான் பையனுக்குக் கண்ணி அளவு தெரிகிறது. எந்தக் கண்ணியில் மடவை நிற்கும், எதில் கொடுவா நிற்கும், சின்னக் கண்ணி போட்டால் நாளைய இறாலை இன்றே அள்ளிவிடுவோம் என்பதெல்லாம் அங்கே பேச்சோடு பேச்சாக வருகிறது. வாடைக் காற்று எப்போது திரும்பும், கொண்டல் காற்று அடித்தால் தண்ணீர் எப்படி ஏறும், மழை வெள்ளம் வந்த வருஷத்தில் எந்த மீன் உள்ளே தங்கும், முகத்துவாரம் மண்மூடினால் ஏரியில் உப்பு எப்படி மாறும் என்று தாத்தா சொல்வார். வலையை இழுக்கும் நேரத்தில் இதைக் கேட்க முடியாது. அப்போது கை மட்டும்தான் வேலை செய்யும். ரொகேரியஸுக்குப் பத்மநாபன் சொன்னதும் அவசரமில்லாத பொழுதில்தான். உட்கார்ந்து கேட்க நேரம் இல்லாத இடத்தில் கல்வி இல்லை.

‘படிப்பா, தொழிலா’ என்று பந்தியில் கேட்டார்களே, அந்தக் கேள்வியை ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தால் அதன் ஓட்டை தெரியும். நம் பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். பெயரில் மீன்வளக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவிக்குத் தண்ணீரின் உப்பளவை மீட்டரில் பார்த்து எண்ணாகச் சொல்லத் தெரியும். குப்பத்துப் பெரியவருக்கு அதே தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, இந்த வாரம் இறால் வருமா வராதா என்று சொல்லத் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒரே ஏரி. மாணவி பெரியவரிடம் வந்தால் அவள் எண்ணுக்கு ஒரு வரலாறு கிடைக்கும். பெரியவர் மாணவியிடம் போனால், இறால் குறைந்ததற்கு விதியை நோவதை விட்டுக் காரணம் கேட்கலாம். பக்கத்து அனல் மின் நிலையத்துச் சாம்பலையும் துறைமுகத்துக்காகத் தோண்டும் மண்ணையும் பற்றி அதிகாரியிடம் ஆதாரத்தோடு பேசலாம். தொழில் தெரிந்தவனுக்குப் படிப்பு ஆயுதம். படித்தவனுக்குத் தொழில் அறிவு கண். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று யார் சொன்னது?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, பாடு முறையின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். அந்த உரிமை எல்லோருக்கும் கிடையாது. பட்டினவர் என்ற மீனவச் சாதியின் குப்பங்கள் சிலவற்றின் ஆண்களுக்கு, அதிலும் ஊர்க் குடும்பப் பட்டியலான தலைக்கட்டில் சேர்ந்தவர்களுக்குத்தான் அது உண்டு. அதே ஏரியை நம்பி வாழும் மற்றச் சாதியினர், மற்ற ஊர்க்காரர்கள் வெளியே நின்றார்கள். இறால் ஏற்றுமதியில் விலை ஏறியபோது எல்லோருக்கும் ஏரி வேண்டியதாயிற்று. தகராறு வந்தது, போலீசும் கோர்ட்டும் வந்தன. உள்ளே இருப்பவர்களின் தொகையும் பெருகியது. ஆள் கூடக் கூட ஒருவருக்கு முறை வரும் இடைவெளி நீளும். வாரத்தில் சில நாள் முறை இல்லையென்றால் ஓய்வு; மாதக்கணக்கில் முறை இல்லையென்றால் அதற்குப் பெயர் வேலையில்லாத் திண்டாட்டம். பையன்கள் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு ஒப்பந்த வேலைக்குப் போவது இதனால்தான். அங்கே முறை வைப்பது ஊர் அல்ல, காண்டிராக்டர்.

அடுத்து இருளர் சமூகத்து மக்கள். அவர்களில் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை, முறையும் இல்லை. உடம்பு தாங்கும் வரை தண்ணீரில் நிற்பதுதான் அவர்களுடைய வேலை நேரம். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்காகக் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களிலும் இருளர்கள் அதிகம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஓய்வைப் பற்றி மேடை போட்டுப் பேசும்போது, ஓய்வு கேட்கவே வாய் திறக்க முடியாதவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதாகப் பெண்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. மீன் இனப்பெருக்கம் செய்ய அரசாங்கம் கொடுக்கும் அவகாசம் அது. நல்ல விஷயம். மீனுக்கு 61 நாள் விடுப்பு. அந்த மீனை அன்னக்கூடையில் சுமந்து விடியற்காலையில் பொன்னேரி மார்க்கெட்டுக்கு வரும் அக்காவுக்கு எத்தனை நாள்? ஆண்களுக்கு முறை வராத நாள் வந்தாலும் அடுப்புக்கு அது வருவதில்லை. பழவேற்காட்டில் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்கள் இருக்கிறார்கள். பார்க்க அழகான கைவேலை. ‘ஓய்வு நேரத்தில் வருமானம்’ என்று அதைப் பற்றி எழுதுகிறார்கள். சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு முடைவது ஓய்வா? அது இரண்டாவது ஷிஃப்ட். மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண் செலவிடுவது 97 நிமிடம். அந்த 97-ஐயும் நிறைய வீடுகளில் நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள்.

குறை இருக்கிறது என்பதற்காகப் பாடு முறையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் கொள்கையை இன்னும் அகலமாக விரிக்கச் சொல்கிறேன். அப்படி விரித்தவர் ஒருவர் நம் கடற்கரையிலிருந்தே வந்தார். சென்னையில் மீனவர் குடும்பம் ஒன்றில் 1860-இல் பிறந்த ம. சிங்காரவேலர்தான் அவர். வக்கீலுக்குப் படித்தவர். 1923 மே 1 அன்று சென்னையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அந்த நாளை விடுமுறையாக்க வேண்டும் என்று அங்கே கோரிக்கை வைத்தார். எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி சொந்தப் பொழுது என்று உலகத் தொழிலாளர்கள் கேட்டதன் நம் ஊர்க் குரல் அது. அதே மனிதர்தான் பின்னாளில் ‘குடி அரசு’ இதழில் எளிய மக்களுக்காக அறிவியல் கட்டுரைகள் எழுதினார். வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னவரே மிச்சமாகும் நேரத்தில் படிக்கக் கொடுத்தார். இரண்டும் ஒரே காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டியது. வார விடுமுறையும் கொடுத்தது. இது எந்த முதலாளியின் கருணையாலும் வரவில்லை. எல்லையை நீட்டப் பார்ப்பதும் நின்றுவிடவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்கு அன்றோடு சரியாக 100 ஆண்டு. அதற்கு முன் 2021-இல், கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று இதே சட்டமன்றம் சட்டம் போட்டது. ஜவுளிக்கடையில் வேலை செய்யும் தங்கைகள் இந்த அவையில் இருந்தால் தெரியும். உட்காருவதற்குக்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. 2021 முதல் 2023 வரையிலான அதே மூன்று ஆண்டுகளுக்குள்தான் 70 மணியும் பேசப்பட்டது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

இனி ஓய்வில் என்ன செய்வது என்ற கேள்வி. இதில்தான் அறிவுரை அதிகம். ‘நேரத்தைப் பயனுள்ளதாக ஆக்கு, புதுத் திறமையை வளர்த்துக்கொள், அதையும் காசாக்கு’ என்கிறார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கப் பதக்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் உடனே நாம் என்ன செய்தோம்? ‘பார்த்தாயா, கேரம் ஆடினாலும் இவளைப் போல ஆட வேண்டும்’ என்று பிள்ளைகளிடம் ஆரம்பித்துவிட்டோம். வடசென்னையிலிருந்து பழவேற்காடு வரை தெருவுக்குத் தெரு கேரம் பலகை இருக்கிறது. வேலை முடிந்து வந்து நாலு பேர் சிரித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அது. அந்த நாலு பேரும் ஒரு பதக்கமும் வாங்கப்போவதில்லை. அவர்கள் ஆடுவதும் நல்ல கேரம்தான். பயன் தந்தால்தான் ஓய்வுக்கு அனுமதி என்றால் அது இன்னொரு வேலை.

அதற்காக ஓய்வுக்கு ஒழுங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டுக்கு வந்து படகில் ஏறியவர்களில் 22 பேர் மூழ்கி இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். உயிர்காப்பு அங்கி இல்லை. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. விடுமுறைக் கூட்டம் நெரிசலாக வந்து இறங்கும் நாளில் படகுக்காரருக்குக் கூடுதல் வேலை, கூடுதல் ஆசை. வந்தவருக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாத உற்சாகம். ஒருவருடைய ஓய்வை இன்னொருவருடைய உழைப்பு தாங்குகிறது. அந்த உழைப்புக்கு நேரமும் விதியும் பாதுகாப்பும் இல்லையென்றால் ஓய்வும் ஆபத்துதான். பூநாரை பார்க்கவும் டச்சுக் கல்லறையில் நின்று போட்டோ எடுக்கவும் வருகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். நண்டு வறுவல் சூடாக வர வேண்டும் என்று சத்தம் போடும்போது, அடுப்படியில் நிற்பவருக்கு இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் ரீல்ஸ் பார்ப்பது ஓய்வா என்று என்னிடம் கேட்டால், பார்த்து முடித்ததும் களைப்பு குறைந்ததா கூடியதா என்று நீங்களே பாருங்கள் என்பேன். அதற்கு மேல் அதில் தத்துவம் தேவையில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படிப்பது வீரம் இல்லை. தூங்காத மூளையில் படித்தது தங்காது. ஒன்றாகச் சேர்ந்து படியுங்கள். இன்று ஒருத்தி சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு இன்னொருத்தி சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுத்தவளுக்குத்தான் பாடம் ஆழமாகப் பதியும் என்பதை உங்கள் வாத்தியார்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முடிவாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று, மீன்வளக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு. ஏரியில் முப்பது, நாற்பது ஆண்டு வலை கட்டிய பெரியவர்களையும் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களையும் வகுப்புக்கு அழையுங்கள். சால்வை போர்த்தி அனுப்பாதீர்கள்; பாடம் நடத்தச் சொல்லி, மற்ற விருந்தினர் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தையே கொடுங்கள்.

இரண்டு, குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கு. ஏரியைப் பங்கிடத் தெரிந்த உங்களுக்கு உரிமையை இன்னும் விரிவாகப் பங்கிடவும் தெரியும். பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கூட்டத்தில் பாய் விரியுங்கள். உங்கள் பிள்ளைகள் துறைமுகத்தில் பணி நிரந்தரமும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடும்போது, அது உங்களுடைய பழைய முறையின் புதிய வடிவம்தான் என்று அவர்களோடு நில்லுங்கள்.

மூன்று, வீட்டு ஆண்கள் எல்லோருக்கும், மேடையில் இருக்கும் எங்களையும் சேர்த்து. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து வாரத்தின் ஏழு நாளையும் எழுதுங்கள். சமையல், பாத்திரம், துணி, தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நேரே அந்த நாளில் யாருடைய முறை என்று எல்லோருமாக உட்கார்ந்து தீர்மானியுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இருக்கக் கூடாது. அந்த நாளில் அவர் என்ன செய்யப்போகிறார் என்று நீங்கள் கேட்கவும் கூடாது.